பழையது எப்பவும் ரெண்டாவது

பிடுங்கின ஒயர் கையிலேயே இருந்தது. ப்ளக்கின் மூன்று பித்தளைக் கால்களும் சூசைமாணிக்கத்தின் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தன. குத்துகிறது என்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. மேஜைமேல் வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டரின் காற்றாடி தன் பாட்டுக்குச் சுற்றி, தளர்ந்து, இன்னும் ஒரு சுற்றுக்கு ஆசைப்பட்டு, நின்றது. திரை கறுத்துப்போய், அதில் அவன் முகமும் தலைக்குமேல் இருந்த ட்யூப் லைட்டும் தெரிந்தன. ஒன்பது. பழைய டிஸ்கைப் புதுசில் காப்பி எடுக்கிற வேலையில் நூற்றுக்கு ஒன்பது. அணைவதற்கு முன்னால் அங்கே நின்ற எண் அதுதான். இல்லை, எட்டாக இருந்திருக்கலாமோ, எட்டு ஒன்பதாக மாறுகிற கணத்தில்தான் பிடுங்கினோமோ, எட்டாக இருந்தால் மட்டும் என்ன வாழ்ந்துவிடப் போகிறது, இருந்தாலும் எட்டாக இருந்தால் கொஞ்சம் தேவலாம், ஒன்பதைவிட எட்டு கொஞ்சம் தேவலாம்தானே, சொல்லு, தேவலாம்தானே என்று யாரிடமோ பேரம் பேசுகிற மாதிரி மனசு அங்கேயே நின்று மல்லுக்கட்டியது. இவ்வளவு வேகமாகப் போகக் கூடாதே என்றுதான் முதலில் தோன்றியது. இல்லை, அதுகூட முதலில் தோன்றவில்லை. முதலில் தோன்றியது சந்தோஷம். பரவாயில்லையே, சாகக் கிடக்கிற டிஸ்க் இப்படித் தண்ணி மாதிரி ஓடுதே என்று ஒரு சந்தோஷம். இந்த வயசான டிஸ்குகள் அப்படி ஓடாது. ஒரு அடி வைக்கும், கரகரவென்று இருமும், நிற்கும், அதே இடத்தை மறுபடி தடவிப் பார்க்கும், அப்புறம்தான் அடுத்த அடி. இது இருமவே இல்லை. மூன்று, நாலு, ஐந்து என்று வழுக்கிக்கொண்டு போனது. ஆறு தாண்டும்போது அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு எறும்பு கடித்தது. ஏன் இருமவில்லை? ஏழில் இன்னொரு கடி. இருமாத டிஸ்க் எது? இருமாத டிஸ்க் புதுசு. அப்படியென்றால் படிக்கப்படுவது புதுசு. புதுசில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, முந்தின நாளே அவனே துடைத்து வெள்ளையாக்கி வைத்தது. அப்படியென்றால் அந்த ஒன்றுமில்லாததை எடுத்து எதன்மேல் பூசிக்கொண்டிருக்கிறது இந்த மெஷின்?

கை அப்போதே சுவருக்குப் போய்விட்டது. கைக்கு அறிவு இருக்கிறது, வாய்க்குத்தான் இல்லை. வாய்தான் கெடுத்தது. இல்லை, கைதான் கெடுத்தது. அந்தக் கை, இத்தனை வருஷமாக ஒரே மாதிரி வேலை செய்து பழகின கை. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்கை மாட்டினால் எது ஒன்று, எது இரண்டு என்று மெஷினுக்குச் சொல்ல, டிஸ்கின் முதுகில் மிளகு அளவு ஒரு குல்லாய் இருக்கும், ஜம்பர் என்பார்கள், அதை எந்த ஊசியில் மாட்டுகிறோம் என்பதுதான் கணக்கு. அவன் கடையில் சட்டம் ஒன்றுதான்: பழையது எப்பவும் ரெண்டாவது. பேஷண்ட் ரெண்டாவது, புதுசு ஒண்ணாவது. ரெண்டிலிருந்து எடு, ஒண்ணில் போடு. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், செய்துமிருக்கிறான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத நாளில் பாம்பு மாதிரி வளைந்த எஸ் எடுக்கிற இடம், வயிறு தள்ளின டி போடுகிற இடம் என்று உருவத்தை வைத்தே கற்றுக்கொண்டவன். ரெண்டு, எண்டர், ஒண்ணு, எண்டர், ஆமாம், எண்டர். இன்றைக்கு அந்தப் பழைய டிஸ்கின் குல்லாய் வெளியே வரவில்லை. இருபது வருஷத்துத் தூசியும் ஈரமும் சேர்ந்து ஊசியோடு ஒட்டிப்போயிருந்தது. இடுக்கியால் இழுத்தால் ஊசி ஒடியும். ஒடிந்தால் போச்சு. சரி கிட, நீ ஒண்ணாவதாகவே இரு, புதுசை ரெண்டாவதாக்கிக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னான். சொன்னது அவனேதான். டிஸ்கிடம் பேசினது இப்போதும் காதில் கேட்கிறது. இன்னிக்கு மாத்தி, இன்னிக்கு மாத்தி என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டுதான் கீபோர்டில் கை வைத்தான். அப்போதுதான் போன் வந்தது. புரோக்கர் ரெங்கராஜு. தஞ்சாவூரில் மூடப்போகிற ஒரு ஆபீசின் பழைய மெஷின்கள், மொத்தமாக, ஒரே லாட். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யோவ், குப்பைக்குப் போற சாமானுக்கு நீ என்னய்யா நகைக்கடை ரேட் சொல்றே, என்று ஆரம்பித்தான். அவன் விடவில்லை, இவன் விடவில்லை. நான் எடுக்கலைன்னா அதை எடை போட்டுத்தான் விப்பாங்க, போ, வெயில்ல நின்னு எடை போடு. கழுத்து நரம்பு புடைக்கிற சுகம் அது. எதிராளி இறங்கப் போகிறான் என்று குரலிலேயே தெரிகிற அந்த ஒரு நிமிஷம், அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். ரெங்கராஜு இறங்கினான். முடிஞ்சுது, போ! என்று இவன் கத்தினான். கத்தின அதே மூச்சில் விரல் எண்டரில் விழுந்தது. ரெண்டு, எண்டர், ஒண்ணு, எண்டர், ஆமாம், எண்டர். எல்லாம் அழிஞ்சுடும், சம்மதமா என்று மெஷின் கேட்கத்தான் செய்தது. அது தினம் கேட்கிற கேள்வி. தினம் கேட்கிறவனுக்கு யார் பதில் யோசிக்கிறார்கள். திரையில் இரண்டு டிஸ்குக்கும் ஒரே பெயர், ஒரே அளவு, ஒரு எழுத்து வித்தியாசமில்லை. அது யார் செய்த வேலை? அவனேதான். பிரிண்டரை ஓட்டுகிற அந்தப் பழைய கம்ப்யூட்டர் வேற டிஸ்க் போட்டால் முரண்டு பிடிக்கும் என்று, அதே கம்பெனி, அதே வருஷம், அதே மாடலைத் தேடி ஈரோடு வரை ஆள் விட்டு, அதிலும் விலையை அடித்து இறக்கி, இரட்டைப் பிள்ளை மாதிரி கொண்டு வந்து சேர்த்தான். அந்தப் பெருமை வேறு. டீச்சர், பாருங்க, அச்சு அசல், பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது என்று காலையில்தான் சொன்னான்.

டீச்சர். ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். மங்கையர்க்கரசி டீச்சர். சிங்காரத்தோப்பில் அவன் கடை இருக்கிற இந்த மாடிக்கு ஏறுகிற படி செங்குத்து, கண்ணிருக்கிற ஆளே கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மடக்குக் குச்சியைத் தட்டித் தட்டி அவர் பாட்டுக்கு ஏறி வந்துவிடுவார். "என்ன சூசை சார், சத்தம் நின்னுடுச்சு?" குரல் தடுப்பைத் தாண்டி வந்தது.  "ஒண்ணுமில்ல டீச்சர். டீயக் குடிங்க." "டீ ஆறி அரை மணியாச்சு. உங்க சண்டையக் கேட்டுக்கிட்டே குடிக்க மறந்துட்டேன். அந்த ரெங்கராஜுவ இப்படி அழ விடறீங்களே, பாவம்." "அவனா பாவம்!" என்று வாய் தானாகச் சொன்னது. வாய்க்கு இன்னும் விஷயம் தெரியவில்லை. அது பாட்டுக்குப் பழைய உலகத்தில் இருந்தது, ரெங்கராஜு இறங்கின உலகத்தில். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முதுகில் ஐஸ் தண்ணீராக இறங்கியது. கண் தெரியாதவர் என்பதில் இந்த நிமிஷம் ஒரு வசதி இருக்கிறது என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு தலையை நீட்டியது. சீ, என்றான். சத்தமாகவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. "என்ன சார்?" "கொசு டீச்சர்."

அந்த டிஸ்கில் இருப்பது கணக்கு வழக்கு இல்லை, கல்யாண வீடியோ இல்லை. படம். தொட்டுப் பார்க்கிற படம். டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கு எப்போதோ வெளிநாட்டிலிருந்து யாரோ தானமாகக் கொடுத்த புள்ளி அடிக்கிற பிரிண்டர் ஒன்று இருக்கிறது, தடித்த தாளில் பிரெய்ல் புள்ளிகளைப் படபடவென்று குத்தித் தள்ளும், பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியாது. அதற்கான ப்ரோகிராம் பழைய தொண்ணூத்தெட்டு விண்டோஸில் மட்டும்தான் ஓடும். செய்த கம்பெனியே இப்போது இல்லை. அந்த ப்ரோகிராமில் உட்கார்ந்து, மெஷின் வாசித்துக் காட்டுவதைக் காதில் கேட்டுக்கொண்டே, புள்ளி புள்ளியாக டீச்சர் படம் போட்டார். இதயம், நாலு அறை, ரத்தம் போகிற வழி, வருகிற வழி. செம்பருத்திப் பூவின் வெட்டுத் தோற்றம். காவிரி கிளை பிரிகிற இடம். பரீட்சையில் படம் வந்தால் பார்வையில்லாத பிள்ளைகள் அதை விட்டுவிட்டு வேறு கேள்வி எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டாம், அந்தச் சலுகையைச் சொல்லும்போது மட்டும் டீச்சரின் மூக்கு விடைக்கும். "சலுகையாம் சார். இதயம் எங்க புள்ளைங்களுக்கும் இருக்குல்ல?" எத்தனை வருஷ வேலை. ஒரு தடவை தவளைப் படம் அடித்த தாளைக் கொண்டுவந்து இவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். இவனுக்கு வேர்க்குரு மாதிரி இருந்தது. வேர்க்குரு வந்த முதுகைத் தடவுகிற மாதிரி. தவளை எங்க டீச்சர் என்றான். "உங்க விரலுக்குக் கண்ணு தெரியல, பாவம்," என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார். அந்தத் தவளை இப்போது எங்கே இருக்கிறது? அந்த ஒன்பதுக்கு உள்ளேயா, வெளியேயா? காலை ஒடுக்கிக்கொண்டு எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது? ஃப்ளாப்பியில் எடுத்து வைத்ததெல்லாம் பூஞ்சணம் பிடித்து வெள்ளை வெள்ளையாகப் போய்விட்டது, போன மழைக்காலத்தில் இவனே பார்த்துத் தூக்கிப் போட்டான். அடித்த தாள்கள் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன, புதிதாக அடிக்கத்தான் இந்த மெஷினே. ஆக எல்லாம் இந்த ஒன்றில்தான். அதற்காகத்தான் டிஸ்க் சாவதற்குள் இன்னொன்றில் மாற்றிவிடலாம் என்று. யார் சொன்னது மாற்றிவிடலாம் என்று? நாங்க இருக்கும்போது உங்களுக்கு என்ன டீச்சர் கவலை என்றவன் இவன்தான். நாங்க. எத்தனை பேர் நாங்க?

வயசுப் பையனாக இருந்தபோது கலர் மானிட்டரின் முதுகுக்குள் கை விட்டு ஒரு கரண்ட் அடி வாங்கியிருக்கிறான். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமக்கிற அப்பனுக்குப் பிறந்தவன், கம்ப்யூட்டர் என்பதை முதலில் தோளில்தான் பார்த்தான், காலேஜ் வாசலில் வேனிலிருந்து இறக்கிவைக்கிற கூலியாக. சுமக்கிறதைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றின அன்றைக்கு விழுந்த அடி அது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோமே, இனி என்ன என்று நினைத்துத்தான் கை விட்டான். பிடுங்கின பிறகும் அந்தப் பிக்சர் ட்யூபின் கண்ணாடிக் குடுவை கரண்டை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சத்தம்கூட இல்லை. எதிர்ச் சுவரில் போய் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். வலி வருவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. கை தன்னுடையது இல்லை, சுவர் பின்னாலா முன்னாலா தெரியவில்லை, அப்போது தெருவில் யாரோ கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு போனது மட்டும் துல்லியமாகக் கேட்டது. இதுவும் அந்த இடைவெளிதான். வலி இன்னும் வந்து சேரவில்லை, கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது. கீழே தெருவில் செல்போன் கவர் விற்கிறவன் ஒலிபெருக்கியில் பதிவுசெய்து வைத்த குரல் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எதிர் மாடியில் ஒரு பெண் போர்வையை உதறினாள். டிஸ்க் செத்துப்போச்சு டீச்சர். இதோ, வாக்கியம் தயாராக இருக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காமலே வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. காப்பி எடுக்கும்போதே போயிடுச்சு டீச்சர், வயசாச்சுல்ல. பொய்யென்று யாரால் சொல்ல முடியும்? பழைய டிஸ்க் சாகிறது தினம் நடக்கிற விஷயம். போன மாதம்கூட அரியமங்கலத்து லேத் பட்டறையின் டாஸ் காலத்துக் கம்ப்யூட்டர் இவன் கண்முன்னாலேயே டக் டக்கென்று நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தது, பட்டறைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ என்னய்யா பண்ணுவே என்றார். ஸ்ரீரங்கத்து ஜோசியர் ஒருத்தர் இருக்கிறார், பச்சை எழுத்தில் ஜாதகம் போடுகிற பழைய ப்ரோகிராமை விடவே மாட்டேன் என்பார், புதுசுல போட்டா பலிக்கலைடா சூசை என்பார். அவர் மெஷினும் ஒரு தடவை செத்துப் பிழைத்தது, அப்போது, உன் கைராசிடா என்று தலையில் கை வைத்தார். கைராசி. இந்தக் கையா? இவனுக்கு அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ப்ளக்கை மேஜைமேல் வைத்தான். உள்ளங்கையில் மூன்று பள்ளம், சிவப்பாக, புள்ளி புள்ளியாக. நீ என்னய்யா பண்ணுவே என்று டீச்சரும் சொல்வார். நிச்சயமாகச் சொல்வார். எழுந்து, குச்சியைப் பிரித்து, படி இறங்குவார். அதற்குமேல் நினைக்க முடியவில்லை. படியில் முதல் தட்டு கேட்டது. நிஜமாகவே கேட்டதா என்று திரும்பிப் பார்த்தான். இல்லை, டீச்சர் தம்ளரைக் கீழே வைத்திருக்கிறார்.

என்ன போயிருக்கும்? இரு, பதறாதே, கூட்டிப் பார். மெஷின் முன்னாலிருந்துதான் எழுதிக்கொண்டு வரும். முன்னால் இருப்பது விண்டோஸ், அது போகட்டும், அது எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். அதற்கும் முன்னால், வாசலிலேயே இருப்பது எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை. அது போச்சு. அது ஒன்றிலேயே போச்சு, ஒன்பது வேண்டியதில்லை. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பஸ்ஸும் நிற்கிறது, ஆனால் ஒரு பஸ்ஸிலும் போர்டு இல்லை, டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை, விசாரிக்கிற கூண்டில் ஆள் இல்லை என்றால் எப்படி? பஸ் இருக்கிறது. மதுரை பஸ் இருக்கிறது. எது மதுரை பஸ்? பின்னால் இருக்கிற படங்கள் அப்படியே இருக்கும், இருக்கத்தான் வேண்டும், யார் தொட்டார்கள் அவற்றை. முன்னால் இருந்தது, அதாவது முதன்முதலில் போட்டது, விண்டோஸுக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்குமே அது, அது போயிருக்கும். அதன்மேல் வெள்ளை அடித்தாயிற்று. மிச்சத்தை எடுக்கலாம். எடுக்கிற வித்தை இவனுக்குத் தெரியும். அட்டவணை இல்லாவிட்டாலும், போட்டோ என்றால் போட்டோ எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியும், கடிதம் என்றால் கடிதம் எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியும், அந்த ஆரம்பத்தை வைத்துத் துழாவிப் பிடிக்கலாம். இந்தப் புள்ளிப் படம் எப்படி ஆரம்பிக்கும்? யாருக்குத் தெரியும்? கம்பெனியே இல்லை. பிடித்தாலும் அது தவளையா இதயமா என்று யார் சொல்வது? இவன் கண்ணுக்கு அது வெறும் புள்ளி. விரலுக்கு வேர்க்குரு. ஆக, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறின டீயோடு உட்கார்ந்திருக்கிற ஆள்தான். அவரை அனுப்பிவிட்டால் மிச்சமும் போச்சு. செத்துப்போச்சு டீச்சர் என்று சொன்னால் நிஜமாகவே செத்துப்போகும். சொல்ல வேண்டும். இப்போதே எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான். கோபம் வந்தது. எங்கே போயிருந்தது இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி, பழகின கோபம், காலிலிருந்து குபுகுபுவென்று ஏறியது. ரெங்கராஜு மேல் வந்தது, ஒட்டிக்கொண்ட குல்லாய் மேல் வந்தது, ஒரே மாதிரி இருந்து தொலைத்த அந்த இரட்டை டிஸ்க் மேல் வந்தது, அதைத் தேடிப் பிடித்த தன் சாமர்த்தியத்தின் மேல் வந்தது, கடைசியில் போக்கிடம் இல்லாமல் டீச்சர் மேலேயே வந்தது. தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஏன் டீச்சர், உங்களுக்கு அறிவு வேணாம்?" என்று ஆரம்பித்தான். மங்கையர்க்கரசி டீச்சர் முகத்தைத் தூக்கினார். "இத்தனை வருஷமா போட்ட படத்த ஒரே ஒரு டிஸ்குல வெச்சுக்கிட்டு, ஒத்தையாத் தூக்கிக்கிட்டு, ஆட்டோவுல மடில வெச்சுக்கிட்டு வருவீங்களா? இன்னொண்ணு எடுத்து வெக்க மாட்டீங்களா? எவன்கிட்ட குடுக்கறோம்னு பாக்க மாட்டீங்களா? போன்ல எவனோடயோ கத்திக்கிட்டே வேலை பாக்கற ஒரு முட்டாப் பய கைல குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு டீ குடிச்சா, அவன் பழசு எது புதுசு எதுன்னு பாக்காம மாத்திப் போட்டு அழிக்கத்தான் செய்வான், அழிச்சுட்டேன்ல இப்ப!"

கடையில் கூரை ஃபேன் மட்டும் சுற்றியது. கத்தின குரல் அவனுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. டீச்சரின் கை மடியில் இருந்த மடக்குக் குச்சியைப் பிடித்திருந்தது. அதன் கணுக்களை ஒவ்வொன்றாக விரல் தடவிக்கொண்டு போய், நுனிக்கு வந்து, திரும்பவும் முதலிலிருந்து தடவியது. முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பு இருந்த இடத்தில் சிரிப்பின் மடிப்பு மட்டும் இன்னும் கலையாமல் கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் இவன் வாசலைப் பார்த்தான். அவருக்குத் தெரியாது, இவனால் பார்க்க முடியவில்லை என்பது. வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியாது. அல்லது தெரியும்.

"எல்லாமா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். எல்லாம் இல்ல. கரண்ட்ட புடுங்கிட்டேன். முன்னால கொஞ்சம்."

"முன்னாலன்னா?"

"மொதல்ல போட்டது."

டீச்சர் தலையை ஆட்டினார். புரிந்தது என்கிற ஆட்டலா, வேண்டாம் என்கிற ஆட்டலா. "இப்ப மெஷின் ஓடுதா?" "இல்ல." "ஓட விடாதீங்க." "விடமாட்டேன் டீச்சர்." "கத்தாதீங்க." "கத்தலை டீச்சர்." "இப்ப இல்ல. பொதுவாச் சொன்னேன்."

அது அடியா, கருணையா என்று தெரியாமல் இவன் ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தான். வலி வந்து சேர்ந்துவிட்டது. நெஞ்சுக்குழியில் இல்லை, வயிற்றில் இல்லை, எங்கோ முழங்கைக்குக் கீழே, எதையும் தூக்க முடியாதது போல. அட்டவணை போனதைச் சொன்னான். பஸ் ஸ்டாண்டைச் சொன்னான். ஒவ்வொரு படமும் எப்படி ஆரம்பிக்கும் என்று தெரிந்தால் துழாவிப் பார்க்கலாம், தெரியாவிட்டால் கஷ்டம் என்றான். சொல்லச் சொல்லத் தன் குரல் ஒரு ஏமாற்றுக்காரனின் குரல் மாதிரி, நம்பிக்கை விற்கிறவனின் குரல் மாதிரி ஒலிப்பது அவனுக்கே கேட்டது.

"ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்," என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"தாளக் கைல குடுத்தா எது மேல் பக்கம், எது கீழ்ப் பக்கம்னு எங்க புள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? தலைகீழாப் புடிச்சுக்கிட்டு இதயத்தப் படிச்சா? அதனால இடது மேல் மூலைல ஒரு அடையாளம் வெப்பேன். ஒரு எழுத்துக்கு உள்ள ஆறு புள்ளியும் முழுசா, ஒரு எழுத்து எடம் விட்டு மறுபடி ஆறு புள்ளி, இப்படி மூணு தடவ. எல்லாப் படத்துலயும் அதுதான் முதல்."

சூசைமாணிக்கம் விரலை மடக்கி எண்ணினான். ஆறு, ஒன்று விட்டு ஆறு, ஒன்று விட்டு ஆறு. தேடலாம். வேறு எந்தக் குப்பையிலும் அந்த மாதிரி வராது. இதைத் தேடிப் பிடிக்க முடியும். தவளை இருக்கும், இதயம் இருக்கும். எழப்போனான். "அப்ப கெடைச்சுடும் டீச்சர்! அப்ப எல்லாமே..."

"அந்த அடையாளம் வெக்க ஆரம்பிச்சது அடுத்த வருஷம்தான் சார். முத வருஷம் எனக்கே அது தோணல. புள்ளைங்க தலைகீழாப் புடிச்சதப் பாத்துட்டுத்தான் வெச்சேன்."

எழப்போனவன் அப்படியே நின்றான். முதல் வருஷம். முன்னால் இருந்ததும் அதுதான், அடையாளம் இல்லாததும் அதுதான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். "மொத மொதல்ல போட்டது என்ன டீச்சர்?"

"நிலா." டீச்சர் குச்சியை மடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார். "நிலா தேயறது, வளர்றது. ஆறாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டா, நிலா எப்படி டீச்சர் தேயும், செருப்பு மாதிரியான்னு. எனக்கும் தெரியாது. நான் என்னத்தக் கண்டேன். அப்ப எங்க பள்ளிக்கூடத்துல சமையலுக்கு இருந்த சகாயம்மா என் எதிர்ல உக்காந்து, என் உள்ளங்கைல விரலால ஒவ்வொண்ணா வரைஞ்சு காட்டுனாங்க. பிறை, அரை நிலா, முழு நிலா. அதத்தான் புள்ளியா வெச்சேன். ஒரு வரிசை முழுக்க நிலா. அதப் போட்டு முடிச்சப்பறம்தான் சார், மத்ததெல்லாம் போட முடியும்னே எனக்குத் தோணுச்சு."

இவனிடம் சொல்ல இருந்த எல்லா வார்த்தையும் விலைபேசிப் பழகின வார்த்தை.

"அதுலயும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு," என்றார் டீச்சர். குரல் முதல் தடவையாக உடைந்தது, உடனே ஒட்டவைத்துக்கொண்டார். "அவங்க எதிர்ல உக்காந்து வரைஞ்சாங்க பாருங்க. அவங்களுக்கு வலமா, எனக்கு வலமான்னு நான் கேக்கவே இல்ல. அப்பறம் அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. எத்தன புள்ளைங்க அதத் தொட்டுப் படிச்சுட்டுப் போயிருக்கு. ஒருவேளை எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டேனோ என்னமோ. கண்ணுள்ளவங்க யாரும் சொல்லல. யாரும் பாக்கல போல." டீச்சர் வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தார். "மறுபடி போடணும். மத்தத நீங்க தேடுங்க, இத நான் போடறேன். இந்தத் தடவ சரியாப் போடணும். சொல்லுங்க சார், வளர்பிறை எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும்?"

அவன் விரலை நீட்டினான். விரல் அந்தக் கைக்குமேல் வந்து நின்றுவிட்டது. பிறை. எத்தனை தடவை பார்த்திருக்கிறான், காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் போகும்போது ஆற்றுக்குமேல், மார்க்கெட் கூரைக்குமேல், கடையைப் பூட்டும்போது கம்பி வழியாக. பார்த்தானா? கண்ணை மூடினான். தர்கா மினார் உச்சியில் ஒரு பிறை நின்றது, ஒரு பக்கமாக. காலண்டர் சிவன் தலையில் ஒரு பிறை, இன்னொரு பக்கமாக. மாதா காலடியில் ஒரு பிறை, படகு மாதிரி மல்லாந்து. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வானத்தில் இருந்தது எது? அது எந்தப் பக்கம்? ஐம்பது வருஷமாகத் தலைக்குமேல் வந்து வந்து போயிருக்கிறது, கேட்டால் இடமா வலமா தெரியவில்லை. டீச்சரின் கை நீட்டினபடியே இருந்தது, கொஞ்சம்கூட ஆடாமல்.

சூசைமாணிக்கம் எழுந்தான். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, டீச்சருக்குப் பக்கத்தில், அவர் முகம் இருந்த திசையிலேயே தன் முகத்தையும் வைத்துக்கொண்டு, தோளுக்குத் தோள் உட்கார்ந்தான்.

"தெரியல டீச்சர்," என்றான். "பாத்துட்டு வந்துதான் சொல்லணும்."